பாடகரின் இடப்பக்கத்தில்: வயலின் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், டிசம்பர் சீசனில் பிற்பகல் கச்சேரிகளுக்கு வாசிக்கும் இளம் வயலின் கலைஞர்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்கள், இந்தப் பகுதிக்கு வழக்கமாக ஓர் ஆண்டில் வரும் கடிதங்களைவிட அதிகம். ஆகவே இம்முறை ராக லட்சணம், தாளக் கணக்கு பற்றிய கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, வயலினைக் கையில் எடுத்த பிள்ளைகளின் தொடக்கக் காலம் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. ஒன்பது ஆண்டுகளாக வயலின் கற்கிறாள்; நூற்றிருபது கீர்த்தனைகள் வரை பாடமாகியிருக்கின்றன. அவளுடன் படிக்கும் ஒரு பெண்ணின் வாய்ப்பாட்டு அரங்கேற்றத்துக்கு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். "பக்கவாத்தியமாக உட்கார்ந்துவிட்டால் கடைசிவரை பக்கவாத்தியம்தான், முதலில் தனிக் கச்சேரி செய்யட்டும்" என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், திருச்சி

தயங்காமல் அனுப்பிவையுங்கள் அம்மா. உங்கள் உறவினர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கர்நாடக இசையில் வயலின்காரர் உருவாவது எங்கே என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

தனிக் கச்சேரியில் உங்கள் மகள் தனக்குத் தெரிந்ததை வாசிப்பாள். பக்கவாத்தியத்தில், அடுத்தவருக்குத் தெரிந்ததை அந்த நிமிடத்திலேயே தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டியிருக்கும். பாடகி ஆலாபனையில் (தாளமில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் பகுதியில்) ஒரு பிடியை, அதாவது ஒரு ஸ்வரச் சொற்றொடரைப் பாடுகிறாள். அது முடிவதற்குள் அதன் கடைசிக் கார்வையை (நீட்டி நிறுத்தும் ஸ்வரத்தை) வயலின் பற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் முந்திக்கொள்ளக் கூடாது. அவள் அடுத்த பிடிக்கு மூச்செடுக்கும் இடைவெளியை நிரப்ப வேண்டும். ஆனால் அவள் நினைத்துவைத்திருக்கும் அடுத்த பிடியைத் தானே வாசித்துக் கெடுத்துவிடக் கூடாது. பாடகி ஆலாபனையை முடித்ததும் அதே ராகத்தை வயலின் தனியாக வாசிக்க வேண்டும். அப்போது பாடியதையே திரும்ப வாசித்தால் சோர்வு தட்டும். பாடியதற்குச் சம்பந்தமே இல்லாமல் வாசித்தால் மரியாதைக் குறைவு. பாடகி இருபது நிமிடம் பாடினால் வயலினுக்கு எட்டு நிமிடம் என்ற அளவும் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் எதையும் வீட்டில் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்து கற்க முடியாது.

கீர்த்தனையில் வேறொரு சோதனை இருக்கிறது. கல்யாணி ராகத்தில் தியாகராஜரின் 'நிதி சால சுகமா' பாடி, சரணத்தில் 'மமதா பந்தனயுத' என்ற இடத்தில் நிரவலுக்கு நிற்பது வழக்கம். அந்த ஒரு வரியைப் பாடகி பத்து விதமாக விரிக்கும்போது, ஸ்வரம் மாறிக்கொண்டே இருக்கும். சாகித்ய எழுத்துகள் தாளத்தில் விழும் இடங்கள் மட்டும் பெரும்பாலும் மாறா. வயலினுக்கு வாய் இல்லை. 'மமதா' என்ற மூன்று எழுத்தையும் வில்தான் சொல்ல வேண்டும். எழுத்து பிரியும் இடத்தில் வில் திரும்ப வேண்டும், நெடில் நீளும் இடத்தில் வில் நிற்காமல் ஓட வேண்டும். கண்ணை மூடிக் கேட்டால் பாட்டின் சொல் கேட்கிறதா என்பதுதான் பழைய ரசிகர்கள் வைத்திருந்த பரீட்சை. சாகித்யம் தெரியாமல் ஸ்வரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். உங்கள் மகளின் நூற்றிருபது கீர்த்தனைகளில் எத்தனைக்கு அவளால் வாயால் சாகித்யம் சொல்ல முடிகிறது என்று இன்று மாலையே கேட்டுப் பாருங்கள்.

நூற்றிருபது என்ற எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. பாடகர்கள் எப்போதும் நூற்றிருபத்தோராவது கீர்த்தனையோடுதான் வருவார்கள். எனக்குப் பதினேழு வயதில், தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் கோயில் உற்சவக் கச்சேரி. என் குருநாதர் வர இயலாமல் என்னை அனுப்பிவைத்தார். பாடியவர் பெரியவர், என் வயதைப் போல் மூன்று மடங்கு அனுபவம் உள்ளவர். நான்காவது உருப்படிக்கு ராகம் தொடங்கினார். முதல் பிடியிலேயே கேதாரகௌளை என்று தீர்மானித்துவிட்டேன். என் முறை வந்ததும் 'மபநிஸ' என்று நேராக ஏறி, தார ஷட்ஜத்தில் நிம்மதியாக நின்றேன். மிருதங்கக்காரர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாடகர் என் பக்கம் திரும்பவே இல்லை. சபையைப் பார்த்தபடியே, அதே பிடியை இன்னும் நிதானமாக, 'மபநிதநிஸ' என்று தைவதத்தைத் தொட்டுத் திரும்பிக் காட்டினார். பிறகு கீழே இறங்கி வந்து, 'கரிகரிஸ' என்பதை இரண்டு முறை பாடினார். அது கேதாரகௌளை அல்ல, நாராயணகௌளை! என் குருநாதர் அந்த ராகத்தில் எனக்கு ஒரு கீர்த்தனைகூட அதுவரை சொல்லிவைத்திருக்கவில்லை. ஆனால் அன்று இரவு அந்த மேடையில் பத்து நிமிடத்தில் கற்றதை இன்றுவரை மறக்கவில்லை. கச்சேரி முடிந்த பிறகும் பாடகர் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சாப்பிடும்போது தம் பக்கத்து இலையில் உட்காரவைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

உங்கள் மகளுக்கு வந்திருப்பது இவ்வளவு கடினமான அழைப்பு அல்ல. அரங்கேற்றம் என்றால் உருப்படிகளின் பட்டியல் முன்பே கிடைக்கும், இரண்டு மூன்று ஒத்திகையும் இருக்கும். பெரியவர்களிடம் பட்டியல் கேட்கும் வழக்கம் இல்லை. சமவயதுப் பெண்ணிடம் தாராளமாகக் கேட்கலாம். சுருதி எத்தனை கட்டை (அவள் பாடும் ஆதாரச் சுருதியின் அளவு) என்பதை மட்டும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு நடைமுறை உண்மையும் உண்டு. இளம் பாடகருக்கு ஒரு சபாவில், ஒரு சீசனில், ஒரு கச்சேரி கிடைத்தால் பெரிய விஷயம். அதே சபாவில் அதே சீசனில் ஒரு நல்ல இளம் வயலின்காரர் நான்கு பாடகர்களுக்கு வாசிக்கலாம். பாடகர்கள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஒரு வயலின் தேவை. ஆகவே மேடைப் பழக்கம் வேண்டும் என்பவருக்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

லால்குடி ஜயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் தொடக்கத்திலிருந்தே தனி வயலின் கலைஞர்களாக விளங்கியவர்களா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

இல்லை. ஒரே தலைமுறையில் மூன்று ஆண்டு இடைவெளிக்குள் பிறந்த மூவர் அவர்கள்: கிருஷ்ணன் 1928இல் திருப்பூணித்துறையில், லால்குடி 1930இல், எம்.எஸ்.ஜி. 1931இல். மூவருக்கும் முதல் குரு தந்தைதான்: கிருஷ்ணனுக்கு நாராயண ஐயர், லால்குடிக்குக் கோபால ஐயர், எம்.எஸ்.ஜி.க்குப் பரூர் சுந்தரம் ஐயர். வீட்டிலேயே குரு இருந்ததால் பாடம், சாதகம், கண்டிப்பு ஆகிய எதற்கும் நேரம் குறிக்க வேண்டியிருக்கவில்லை.

லால்குடியின் பரம்பரையில் அவருடைய முன்னோர் ராமையர் தியாகராஜ சுவாமிகளின் சீடர் என்று சொல்வார்கள். அத்தனை பெரிய மரபில் வந்தவர், பன்னிரண்டு வயதில் பக்கவாத்தியக்காரராகத்தான் மேடை ஏறினார். பிறகு சென்னைக்கு வந்து, அன்றைய பெரும் பாடகர்களான அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பாணிகளுக்கு அருகில் உட்கார்ந்து வாசித்தார். இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். அரியக்குடியின் கச்சேரியில் உருப்படிகள் அளவாக, ஒன்றை அடுத்து ஒன்று தொய்வின்றி நகரும், ஜி.என்.பி.யோ பிருகாக்களாக (அதிவேக ஸ்வரக் கோவைகளாக) பொழிவார். மதுரை மணியின் ஸ்வரம் சர்வலகுவில் (கணக்குக் காட்டாத இயல்பான தாள நடையில்) தண்ணீர் ஓடுவதுபோல் ஓடும். ஒரு வாரத்தில் இந்த மூவருக்கும் வாசிக்கும் இளைஞனின் வில், மூன்று விதமாகப் பேசப் பழகாமல் இருக்க முடியாது. பின்னாளில் அவருடைய தனி வாசிப்பில் பாட்டே கேட்கிறது என்று ரசிகர்கள் வியந்தார்களே, அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே என் பதில். அவர் இயற்றிய தில்லானாக்களும் வர்ணங்களும், 1966இல் தொடங்கிய வயலின், வேணு, வீணை சேர்ந்த கச்சேரியும் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

டி.என். கிருஷ்ணனுக்கு அரியக்குடி, செம்பை, செம்மங்குடி முதலானவர்களுக்கு வாசித்த ஆண்டுகளே அந்த நிதானத்தைக் கொடுத்தன. வில்லை அவ்வளவு சாவதானமாக இழுத்தவர் வேறொருவரை நான் கேட்டதில்லை. எம்.எஸ்.ஜி. எட்டு வயதில் தந்தையுடன் மேடை ஏறியவர். பரூர் வீட்டில் இந்துஸ்தானி இசையும் உண்டு என்பதால் அவர் கைக்கு வேகம் வேறு வழியாகவும் வந்தது. மூவரில் யாருடைய வாசிப்பை முதலில் கேட்கலாம் என்று இளம் மாணவர் யாராவது கேட்டால், மூவரும் மற்றவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்த ஒலிப்பதிவுகளை முதலில் கேளுங்கள், தனிக் கச்சேரிகளைப் பிறகு கேளுங்கள் என்பேன்.

நீங்கள் பக்கவாத்தியத்தையே பெரிதாகச் சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தின் தந்தை, வயலின் தனி வாத்தியமாகத் தலை நிமிர வேண்டும் என்றே பிள்ளைகளை வளர்த்தார் அல்லவா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துக்கொண்டிருந்தவர். வயலினைப் பாட்டின் நிழலாக மட்டும் வைத்திருப்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை. வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்ற மூன்று பிள்ளைகளையும் அந்த எண்ணத்தோடுதான் பயிற்றுவித்தார். தமிழர்களுக்கு எதிரான 1958ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் அந்தக் குடும்பம் இலங்கையை விட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தது. சுப்பிரமணியத்துக்கு அப்போது வயது பதினொன்று. கையில் கலை மட்டும் இருக்க, வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரும் ஆனார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னர் அமெரிக்கா சென்று மேலை இசையை முறையாகப் பயின்று, வாத்தியக் குழுக்களோடு சேர்ந்து வாசிக்கும் வேறொரு பாதையைத் திறந்தார்.

ஆனால் நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. மருத்துவம் படித்த காலத்தையொட்டி, செம்பை வைத்தியநாத பாகவதருக்குப் பக்கவாத்தியமாக வாசித்தவர் அவர். தனி வாத்தியக் கனவோடு வளர்க்கப்பட்ட பிள்ளையும் அந்த வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறார். தந்தையின் கொள்கையை நான் குறைத்து மதிக்கவில்லை. கற்பனை வளமும், வீட்டிலேயே கூட வாசிக்கச் சகோதரர்களும் உள்ள பிள்ளைக்கு, தனி வழி சாத்தியமே. உடன்பிறப்புகள் இருவர் சேர்ந்து வாசிக்கும் வயலின் ஜோடிகள் இன்று இயல்பாகிவிட்டதற்கும் அதுவே காரணம்: ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டுப் பதில் சொல்கிறார். பாடகர் இல்லாத இடத்தில் சகோதரனே பாடகன் ஆகிறான்.

நான் கல்லூரி மாணவன். ஆண் பாடகருக்கு ஒரு நாளும் பெண் பாடகருக்கு மறுநாளும் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வயலினில் சமாளிக்க முடியுமா?
— ஒரு மாணவர், கோயம்புத்தூர்

சமாளிக்கலாம், ஆனால் தந்திகள் உங்களை மன்னிக்காது. ஆண்கள் பொதுவாக ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரையில். நம் முறையில் நான்கு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று கூட்டுகிறோம். ஐந்து கட்டைக்குக் கூட்டிய தந்திகளை ஒரு கட்டைக்கு இறக்கினால் மந்தரத் தந்தி தொளதொளத்து, வில் பட்டதும் உதறும்; ஒரு கட்டைக்குக் கட்டிய கனத்த தந்திகளை ஐந்துக்கு ஏற்றினால் தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்கும்போதே மனம் அடித்துக்கொள்ளும். ஆகவே வசதியுள்ளவர்கள் இரண்டு வயலின் வைத்துக்கொள்கிறார்கள். இல்லாதவர்கள் இரண்டு கனத்தில் தந்திகள் வைத்துக்கொண்டு, முந்தைய இரவே மாற்றிவிடுகிறார்கள். புதுத் தந்தி இழுபட்டுச் சுருதியில் நிற்க ஓர் இரவாவது வேண்டும். மேடையில் மாற்றினால் கச்சேரி முழுவதும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு அவற்றின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்னக் குச்சியும் அந்த அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது சாய்ந்துவிட்டால் கச்சேரி நாளில் உங்களால் நிறுத்த முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கட்டுங்கள்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் மைசூர் சௌடையா, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தந்திகளை இரட்டித்து ஏழு தந்தி வயலின் வைத்துக்கொண்டார். இன்று மைக் இருக்கிறது, உங்களுக்கு நான்கே போதும்.

பெண் வயலின் கலைஞர்களை ஆண் வித்வான்கள் தவிர்த்தார்கள் என்பது உண்மையா? என் தங்கை இந்தத் துறைக்கு வர விரும்புகிறாள்.
— ஒரு வாசகி, மதுரை

உண்மை. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில், பெண் பக்கவாத்தியம் வாசித்தால் கௌரவக் குறைவு என்று கருதிய ஆண் பாடகர்கள் உண்டு. பெண் பாடகருக்கு வாசிக்க மாட்டேன் என்ற ஆண் பக்கவாத்தியக்காரர்களும் உண்டு. அதைப் பாரம்பரியம் என்று பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. அந்தச் சூழ்நிலையிலும் டி. ருக்மிணி போன்றவர்கள் முன்னணி ஆண் வித்வான்களின் மேடையில் உட்கார்ந்து வாசித்தார்கள். விஜயநகரத்திலிருந்து வந்த ஏ. கன்யாகுமரி, எம். சந்திரசேகரனிடம் பயின்று, எம்.எல். வசந்தகுமாரியிடம் சிஷ்யையாகவும் பக்கவாத்தியமாகவும் நெடுங்காலம் இருந்தார். 2016இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தபோது, அதைப் பெற்ற முதல் பெண் வயலின் கலைஞர் அவர்தான். துவாரம் வேங்கடசாமி நாயுடு அதே விருதைப் பெற்றது 1941இல். நடுவில் உள்ள எழுபத்தைந்து ஆண்டை உங்கள் தங்கைக்குச் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக அல்ல, அவளுக்கு முன்னால் யார் நடந்துபோனார்கள் என்பது தெரிவதற்காக.

கன்யாகுமரியின் குருவான எம். சந்திரசேகரன் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர்; அவருக்கு வயலின் கற்பித்தவர் தாயார் சாருபாலா மோகன். அந்த வரிசையில் ஒரு பெண் குருவாக இருந்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மேல்நாட்டில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே உலகப் புகழ் பெறுகிறார்களே, நம் பிள்ளைகளை மட்டும் ஏன் பத்து வருடம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், சென்னை

வயலின் மேதை யெஹூதி மெனுஹினை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1916இல் நியூயார்க்கில் பிறந்து சான்பிரான்சிஸ்கோவில் வளர்ந்தவர். 1927இல், பதினொரு வயதில், நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பீத்தோவனின் வயலின் கன்சர்ட்டோவை (பெரிய வாத்தியக் குழுவோடு தனி வயலின் வாசிக்கும் படைப்பை) வாசித்தார். 1929இல் பெர்லினில் பாக், பீத்தோவன், பிராம்ஸ் மூவரின் கன்சர்ட்டோக்களையும் ஒரே மாலையில் வாசித்தபோது பதின்மூன்று வயது நிறையவில்லை. 1932இல் எட்வர்ட் எல்கரே முன்னின்று நடத்த, எல்கரின் கன்சர்ட்டோவை லண்டனில் ஒலிப்பதிவு செய்தபோது வயது பதினாறு. இதையெல்லாம் பத்திரிகைகள் எழுதின.

அவருடைய சுயசரிதையில் வேறொரு காட்சி இருக்கிறது. சிறுவனாக அவர் பெல்ஜியத்தின் மாமேதை யூஜின் இசாயியைப் பார்க்கப் போனார். பையன் கடினமான ஒரு கச்சேரி உருப்படியை வாசித்துக் காட்டினான். கிழவர் கேட்டுவிட்டு, 'ஏ மேஜர்' ஸ்வரங்களை ஸ்தாயி ஸ்தாயியாக விட்டுவிட்டு ஏறி வாசிக்கச் சொன்னார். நம் பிள்ளைகள் முதல் வருடத்தில் வாசிக்கும் தாட்டு வரிசைக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் தடவித் தடவித் தேடினான், வரவில்லை. இத்தகைய வரிசைகளைச் சாதகம் செய்வது நல்லது என்று இசாயி சொல்லி அனுப்பினார். மெனுஹின் அவரிடம் கற்கப் போகவில்லை. பெரியவரான பிறகு, கை தானாகச் செய்துவந்தது தடுமாறத் தொடங்கியபோது, வில்லை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்து மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. இதை அவரே ஒளிக்காமல் சொன்னார். சரளி வரிசை சலிக்கிறது என்று அழும் பிள்ளைகளின் வீட்டில் நான் சொல்லும் கதை இதுதான். பிள்ளைகளுக்கு அல்ல, அடுத்த மாதம் மேடை கேட்கும் பெற்றோருக்கு.

மெனுஹின் நம் இசையை மதித்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1965இல் எடின்பரோ விழாவில் லால்குடியின் வாசிப்பைக் கேட்டு, தம்முடைய இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். ஒருவர் நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிப்பவர். மற்றவர் சம்மணமிட்டு, வயலினின் சுருள்முனையை வலது கணுக்காலில் ஊன்றி, இடக்கையைக் கமகத்துக்காக (ஸ்வரங்களை அசைத்து இழைப்பதற்காக) முழுதாக விடுவித்துக்கொண்டவர். அதே மரப்பெட்டிதான். 1834இல் திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு யானைத் தந்த வயலினைக் கொடுத்தபோது வடிவேலுவுக்கும் இருபதுகளில்தான் வயது. வெள்ளைக்காரர் வாத்தியம் நம் மேடைக்கு வந்த புதிது அது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்றுக்கொண்டு சில பத்தாண்டுகளே ஆகியிருந்தன.

இதில் பிழைக்க முடியுமா? நேரடியாகச் சொல்லுங்கள்.
— ஒரு தந்தை, சேலம்

முதல் எட்டுப் பத்து ஆண்டுகளுக்குக் கச்சேரியை மட்டும் நம்பி முடியாது. பிற்பகல் கச்சேரிச் சன்மானம் பல நேரங்களில் ஆட்டோவுக்கும் தந்திக்கும் சரியாகப் போய்விடும். பாடகருக்குக் கிடைப்பதைவிடப் பக்கவாத்தியத்துக்குக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் வயலின்காரருக்கு வேறு வாசல்கள் பாடகரைவிட அதிகம். பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு வயலின் வேண்டும். ஒத்திகைகள் அதிகம், பணமும் ஒழுங்காக வரும். சினிமா ஒலிப்பதிவுகளில் முன்போல் வரிசை வரிசையாக வயலின்கள் உட்காருவதில்லை, கணினி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தனி வயலின் தேவைப்படும் பாடல்கள் இன்னும் இருக்கின்றன. சென்னை, திருவையாறு, மதுரை, கோவை அரசு இசைக் கல்லூரிகளிலும் மாவட்ட இசைப்பள்ளிகளிலும் வயலின் ஆசிரியர் பணி உண்டு. இணையத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் இளைஞர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அகில இந்திய வானொலியின் வாத்தியத் தேர்வில் வாசித்து, 'பி', 'பி ஹை', 'ஏ', 'டாப்' என்று படிப்படியாகத் தரம் பெற்றுக்கொள்வது நல்லது. வானொலியில் கிடைக்கும் தொகை பெரிதல்ல. ஆனால் சபாக்காரர்கள் முதலில் கேட்பது அந்தத் தரத்தைத்தான்.

பையன் பட்டப் படிப்பை விட வேண்டியதில்லை. மருத்துவம் படித்தவரைப் பற்றி மேலே சொன்னேன். காலை நான்கரை மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் சாதகம் செய்ய முடிகிறதா என்று ஓர் ஆண்டு பாருங்கள். 'நிதி சால சுகமா' (செல்வம் பெரிய சுகமா) என்று தியாகராஜர் கேட்டுவிட்டார் என்பதற்காக நீங்கள் கேட்கக் கூடாது என்றில்லை. மாதாந்தரச் செலவு அவருக்கும் உஞ்சவிருத்தியில்தான் (வீதியில் பாடி அரிசி பெறுவதில்தான்) நடந்தது என்பதையும் நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். கச்சேரி நடுவில் தந்தி அறுந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு மாணவி, திருநெல்வேலி

முதலில் முகத்தில் எதையும் காட்டாதே அம்மா. அறுந்தது மேல் பஞ்சமத் தந்தி என்றால், மத்திய ஷட்ஜத் தந்தியிலேயே கையை மேலே ஏற்றி மிச்சத்தை வாசி. அதற்காகத்தான் உன் ஆசிரியர் ஒரே தந்தியில் வர்ணம் வாசிக்கச் சொல்லிப் படுத்துகிறார். மாற்றுத் தந்தியை, ஏற்கெனவே ஒருமுறை கட்டி இழுபட்டதாக, பெட்டியின் மூடிப் பையில் எப்போதும் வைத்திரு. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் உன் வில்லுக்கு வேலை இல்லை. பதினைந்து நிமிடம் கிடைக்கும். அப்போது சத்தமில்லாமல் கட்டி, பிருடையை முறுக்கி, காதருகே வைத்து மெல்லத் தட்டிப் பார்த்துக்கொள். ஒரு கையால் தாளமும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தனி ஆவர்த்தனம் இதற்குத்தான் இருக்கிறது என்று மட்டும் மிருதங்கக்கார மாமாவிடம் சொல்லிவிடாதே.